கருப்பு யார் என்று தேடிய நாங்கள்

(முன்னாள் மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என் வகுப்புத் தோழி. தொலைபேசியில் கூப்பிட்டு, "விடுதி நினைவுகள் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசுடி" என்றாள். விடுதி நினைவுகள் என்றால் எல்லோரும் சாம்பாரைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் அதைத் தொடப்போவதில்லை. அந்தச் சாம்பாரில் பருப்பைத் தேடியதே ஒரு பெரிய மர்மக் கதை. நான் சொல்ல வந்தது வேறொரு மர்மக் கதை. அது தொலைக்காட்சியில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மத்தியில் இன்னொன்று நடந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

நான் 1995 ஜூன் முதல் 1998 ஏப்ரல் வரை இங்கே இளங்கலை கணிதம் படித்தேன். மூன்று வருஷமும் விடுதிதான். இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் விளங்க வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன். சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. சன் டிவி வந்தது 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று. நாங்கள் சேர்ந்தபோது தனியார் தொலைக்காட்சிக்கு வயது இரண்டுதான். விடுதிக்கு மொத்தமும் சேர்த்து ஒரே ஒரு டி.வி. அதற்கு மரப்பெட்டி, மரப்பெட்டிக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவி வார்டன் அம்மா இடுப்பில். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு மட்டும் திறப்பார்கள்.

அந்தப் பெட்டி வார நாளிலும் திறந்தது ஒரே ஒரு தொடருக்காக. 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'. என் வயதுக்காரர்கள் முகத்தில் சிரிப்பு தெரிகிறதே! எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். இயக்கியவர் நாகா. தயாரிப்பு, கே. பாலசந்தர் அவர்களின் மின்பிம்பங்கள். சேத்தனும் தேவதர்ஷினியும் நடித்திருந்தார்கள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் கதை. ஒரு கிராமம். அந்த ஊருக்குக் காவல் கருப்பசாமி. தப்பு செய்தவர்களைக் கருப்பு தண்டிக்கிறது. ராத்திரியில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும். விடிந்தால் ஒரு பிணம். சாமிதான் வந்து கொல்கிறதா, இல்லை சாமி பெயரில் ஓர் ஆள் கொல்கிறானா? ஆள் என்றால், யார் அது? அவ்வளவுதான். ஆனால் அந்த 'யார்' என்ற ஒரு சொல் எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே!

எங்களில் பாதிப் பேர் கிராமத்துப் பிள்ளைகள். எங்கள் ஊர் எல்லையில் மண் குதிரையோடு கருப்பு நிற்கும். ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் போனால் அப்பத்தா திட்டும். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதி முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இன்றைக்கும் ஆள் பயப்படுவார்கள். அப்படி வளர்ந்த எங்களுக்கு அந்தக் குளம்புச் சத்தம் டி.வி.யிலிருந்து வந்த மாதிரியே தோன்றவில்லை. விடுதிக்குப் பின்னாலிருந்த புளியமரத்தடியிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

வார்டன் அம்மாவிடம் அனுமதி வாங்கியது தனிக் கதை. "வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், யாராவது அரியர் வைத்தால் நிறுத்திவிடுவேன்" என்று மூன்று நிபந்தனை. முதல் வாரம் பிள்ளைகளைக் கண்காணிக்க வாசற்படியில் நின்றார்கள். இரண்டாம் வாரம் உள்ளே வந்து நின்றார்கள். நான்காம் வாரம் அவர்களுக்கு நாற்காலி போடப்பட்டது. அதன் பிறகு, சாப்பாட்டு மணியைப் பத்து நிமிஷம் தள்ளி அடிக்கச் சொன்னதே அவர்கள்தான்.

அரை மணி நேரம் பார்ப்போம். சரியாகக் கதவு திறக்கும் இடத்தில் 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள். அதன் பிறகு ஏழு நாள். அந்த ஏழு நாள்தான் உண்மையான தொடர். குளிக்கப் போகும் இடத்தில் வரிசையில் நின்று பேசுவோம். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து பேசுவோம். அல்ஜீப்ரா வகுப்பில் கடைசி பெஞ்சில் பேசுவோம். (மேடம், மன்னிக்கணும். கணக்குதான் போடுகிறோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.)

உண்மையிலேயே கணக்குதான் போட்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, இடது பக்கம் சந்தேகப்படும் ஆட்கள் பெயர், மேலே வாரம், கட்டம் போட்டு அட்டவணை எழுதினேன். கருப்பு வந்த நேரத்தில் எவர் எங்கே இருந்தார்? எவரை நாம் கண்ணால் பார்த்தோம், எவர் அங்கே இருந்ததாகச் சொல்லக் கேட்டோம்? சாத்தியமில்லாதவர்களை ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிச்சம் இருப்பவர்தான் ஆள். கணித மாணவி இல்லையா! என் ஊகம் சரியா தப்பா என்று பந்தயம்கூட உண்டு. தோற்றவள் ஞாயிற்றுக்கிழமை முட்டையைக் கொடுத்துவிட வேண்டும்.

இப்படி ஒரு கதை ஏன் நம்மைப் பிடித்துக்கொள்கிறது என்று பிற்காலத்தில் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ப்ளூமா ஜைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இல் பெர்லினில் ஓர் ஆய்வு வெளியிட்டார். முடித்துவிட்ட வேலையைவிட, பாதியில் நிறுத்தப்பட்ட வேலைதான் மனசில் நிற்கிறது என்றார். பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் எல்லாம் அது அப்படியே வரவில்லை என்கிறார்கள். ஆனாலும் பாதியில் நின்ற கதை எப்படிக் குடையும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆய்வு இல்லாமலே தெரியும். 'கல்கி' பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வந்தபோது வாரா வாரம் காத்திருந்த பாட்டிமார்கள் எத்தனை பேர்! அமெரிக்காவில் 'டல்லாஸ்' என்று ஒரு தொடர். 1980 மார்ச்சில் முக்கியப் பாத்திரத்தை யாரோ சுட்டுவிட்டதாகக் காட்டி நிறுத்தினார்கள். சுட்டது யார் என்று சொன்னது நவம்பரில். எட்டு மாதம்! அன்று அந்த நாட்டில் 8 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பார்த்தார்கள்.

ஹிட்ச்காக் சொன்ன உதாரணம் ஒன்றும் உண்டு. நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று குண்டு வெடித்தால் அது அதிர்ச்சி, சில விநாடியோடு சரி. மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால்? அவர்கள் பேசும் வெட்டிப் பேச்சு ஒவ்வொன்றும் நம்மைப் பதற வைக்கும். 'ஐயோ, பேச்சை நிறுத்திட்டு எந்திரிச்சுப் போங்களேன்' என்று கத்தத் தோன்றும். திகிலுக்கு அவர் தந்த விளக்கம் அது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் மேஜைக்கு அடியிலும் அப்போது ஒரு குண்டு இருந்தது. அதை நாங்கள் பார்க்கவில்லை.

என் அறையில் நாங்கள் நான்கு பேர். அதில் ஒருத்தி... பெயர் வேண்டாம், 'அவள்' என்றே சொல்கிறேன். இதைப் பேசலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். "பேரைச் சொல்லாம, நடந்ததை மாத்தாம சொல்லு" என்றாள். இந்த அரங்கில் அவள் இருக்கிறாளா இல்லையா என்பதையும் சொல்ல மாட்டேன்.

அந்த வருஷக் கோடை விடுமுறையில் அவள் அப்பா இறந்துவிட்டார். ஜூனில் திரும்பி வந்தாள். வந்த புதிதில் எல்லோரும் ஆறுதல் சொன்னோம். ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் எங்களுக்குப் பழகிவிட்டது. அவளுக்குப் பழகவில்லை.

கொஞ்ச நாளில் பேச்சைக் குறைத்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வராந்தாவில் நடப்பாள். தண்ணீர்த் தொட்டி பக்கம் போய் நிற்பாள். தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பாள். ஒருநாள் வெள்ளை நைட்டியோடு தலைவிரி கோலமாக அவள் நின்றதைப் பக்கத்து அறைப் பெண் பார்த்துவிட்டு அலறிய அலறலில் விடுதியே எழுந்துவிட்டது.

வேறு வருஷமாக இருந்திருந்தால் என்ன நினைத்திருப்போமோ தெரியாது. அந்த வருஷம் எங்கள் தலை முழுக்கக் கருப்புதான். "இவ மேல என்னமோ ஏறியிருக்குடி" என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. மாலையில் புளியமரத்தடியில் உட்கார்ந்தாளாம். அப்பா காரியத்துக்கு மறுநாளே ஆற்றைக் கடந்தாளாம். ஆளாளுக்கு ஒரு துப்பு கொண்டு வந்தார்கள். அவளுக்குக் 'கருப்பு' என்று ரகசியப் பெயரும் வைத்தாயிற்று.

இனிமேல் சொல்வதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த நாற்பது பக்க நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். அவளைப் பற்றி. 'புதன், 2.10 மணி, எழுந்தாள். தொட்டி அருகே 15 நிமிடம். ஏதோ பேசினாள், புரியவில்லை.' இப்படி நான்கைந்து பக்கம். விழித்திருந்து குறிப்பு எடுக்க முறை போட்டுக்கொண்டோம். காலையில் கூடி, "நேத்து என்ன ஆச்சு? நேத்து என்ன ஆச்சு?" டி.வி. தொடருக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இது தினசரித் தொடர்.

எங்களில் ஒருத்திகூட எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. "ஏன்டி தூங்கல?" என்று கேட்கவில்லை.

கேட்டவர் ஒரே ஒருவர். விடுதிச் சமையலறையில் பாத்திரம் தேய்த்த ஆயா. எழுத்தறிவு இல்லாதவர். அவர் டி.வி. பார்ப்பதில்லை. அந்த அரை மணி நேரத்தில்தான் அவருக்குப் பாத்திரம் கழுவி முடிக்க வேண்டும். ஒருநாள் எங்கள் அறைக்கு வந்து சொன்னார்: "ஏம்மா, இந்தப் புள்ள தட்டு மூணு நாளா காஞ்சே கெடக்கு. தின்னலையா? ஒங்களுக்குத் தெரியாதா?"

எங்களுக்குத் தெரியாது. யார் கொலை செய்தது என்று கட்டம் போட்டுப் பார்த்த எங்களுக்கு, ஒரே அறையில் படுத்திருந்தவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்பது தெரியாது. எங்கள் நோட்டில் புளியமரம் இருந்தது, மணி இருந்தது, தட்டு இல்லை. பேயைத் தேடியதால் பேய்க்கு வேண்டிய தடயம் மட்டும்தான் எங்கள் கண்ணில் பட்டது.

ஆயா அவளைச் சமையலறைக்குக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தார். வார்டன் அம்மாவிடமும் சொன்னார்: "பேயும் இல்ல பிசாசும் இல்லம்மா. எங்கக்கா புள்ள பெத்த பொறவு இப்படித்தான் கெடந்தா. பெரியாஸ்பத்திரியில மாத்திரை கொடுத்துச் சரியாச்சு." வார்டன் அம்மா ஊருக்குத் தகவல் அனுப்பினார்கள். ஆனால் அதற்குள் எங்கள் பேச்சு ஊர்வரைக்கும் போய்விட்டது. அழைத்துப் போக வந்த மாமாவிடம், நாங்களே வாசலில் நின்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னோம். தொட்டி, புளியமரம், முணுமுணுப்பு. அவர் முகம் மாறியது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒரு கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே அவளை ஒரு மண்டபத்தில் தங்க வைத்திருப்பதாக மட்டும் கேள்விப்பட்டோம்.

நாங்கள் தொடரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

தொடரின் முடிவு ஒளிபரப்பானபோது நான் ஊரில் இருந்தேன். பக்கத்து வீட்டுக் கூடத்தில் நாற்பது பேரோடு தரையில் உட்கார்ந்து பார்த்தேன். முடிவு தெரியாதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம், தொடர் வந்து இவ்வளவு வருஷம் ஆன பிறகு ரகசியம் காக்க என்னால் முடியாது! கருப்பு சாமி இல்லை. வெளி ஆளும் இல்லை. சேத்தன் நடித்த அந்த ராஜேந்திரனேதான். தனக்குள் இன்னொருவன் இருப்பது அவனுக்கே தெரியாது. சின்ன வயதில் பட்ட காயம், பயம், பார்த்த அநியாயம் எல்லாம் உள்ளேயே கிடந்து, அப்படி ஓர் உருவம் எடுத்திருக்கிறது. இடையிடையே வந்த அந்தச் சின்னப் பையன் கதை, அவனுடைய பழைய கதைதான்.

கூடத்தில் எல்லோரும் 'ஆ' என்றார்கள். எனக்கு மட்டும் சத்தம் வரவில்லை. 'யார்? யார்?' என்று இத்தனை வாரம் கேட்டோமே, அந்தக் கதை கேட்டுக்கொண்டிருந்தது 'யார்' என்று இல்லை, 'அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு' என்று. அந்தப் பையனை வாராவாரம் கண் எதிரே காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் அவனை இடைஞ்சல் என்று நினைத்தேன். 'இந்தப் பையன் கதையைச் சீக்கிரம் முடிச்சிட்டுக் கருப்பைக் காட்டுங்கப்பா' என்று சொன்னவள் நான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொடரில் காட்டியது கதைக்காகக் கூட்டிச் சொன்னது. மனநோய் வந்தவர்கள் அரிவாள் எடுத்துக்கொண்டு அலைவதில்லை. என் தோழிக்கு இருந்ததும் அந்த நோய் இல்லை. பின்னால் டாக்டர் சொன்னது, கடுமையான மனச்சோர்வு. ஆனாலும் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கதைதான்.

மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அவள் ஊருக்குப் போனேன். அவளைக் கோயிலிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பாதி ஆள் ஆகியிருந்தாள். கணுக்காலில் ஒரு வளையம் மாதிரித் தழும்பு. என்னைப் பார்த்துச் சிரித்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. ஆயா சொன்ன பெரியாஸ்பத்திரி விஷயத்தை அவள் அம்மாவிடம் சொன்னேன். மாத்திரையில் சரியாகும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா நிதானமாக ஒன்று கேட்டார்:

"ஏம்மா, நீங்க மூணு பேரு அவ கூடவே இருந்தீங்கள்ல? எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா?"

நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். ஒரு கார்டு எழுதவில்லை. அந்தக் கேள்விக்கு அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அந்த அம்மா மறுவாரமே யார் பேச்சையும் கேட்காமல் அவளை அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். தேற இரண்டு வருஷம் பிடித்தது. விட்ட படிப்பை அஞ்சல் வழியில் முடித்தாள். வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆயிற்று. இன்று நன்றாக இருக்கிறாள். என்னைவிட நன்றாகவே இருக்கிறாள், சர்க்கரை நோய்கூட இல்லை!

2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் இறந்துபோனவர்கள் 28 பேர். அன்று பத்திரிகையை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் கணுக்கால்தான் கண் முன்னால் வந்தது. 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை செய்திருக்கிறது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் 'அவ மேல என்னமோ ஏறியிருக்கு' என்ற வாய்ப்பேச்சுக்கு நாம்தான் தடை போட வேண்டும்.

பல வருஷம் கழித்து அவளிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "ராத்திரி ஏன்டி வெளியே போய் நின்னே?" அவள் சொன்ன பதில்: "தூக்கம் வராது. ரூம்ல நான் திரும்பிப் படுத்தாலே நீங்க மூணு பேரும் குசுகுசுன்னு பேசுறத நிறுத்திடுவீங்க. எனக்கு மூச்சு முட்டும். அதான் வெளிய போயிருவேன். அங்க நின்னு அப்பாகிட்ட பேசிட்டு வருவேன்."

பாருங்க. அவள் எழுந்து போவதால் நாங்கள் விழித்திருந்து பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் விழித்திருந்து பார்த்ததால்தான் அவள் எழுந்து போனாள்.

இதனால் மர்மத் தொடரே பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நான் பொய்க்காரி. இன்றைக்கும் எனக்கு அந்தப் பைத்தியம் விடவில்லை. 2022இல் புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்' வந்ததே, மயானக் கொள்ளைத் திருவிழாவைச் சுற்றி நடக்கும் கதை, எட்டுப் பகுதிகளையும் என் மகளோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் பார்த்துவிட்டு மறுநாள் பள்ளியில் கொட்டாவி விட்டேன். ஒன்று முடிந்தவுடன் அடுத்தது தானாகவே ஓட ஆரம்பித்துவிடுகிறது. 'தொடரும்' போட்டுவிட்டு ஏழு நாள் யோசிக்க விட்ட காலம் போய்விட்டது. நல்ல கதை நம்மைப் பிடித்துக்கொள்வதில் தப்பே இல்லை. இந்திரா சௌந்தர்ராஜன் அவர்கள் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார் என்ற செய்தி கேட்டபோது, என் இளமையில் ஒரு பகுதி போன மாதிரி இருந்தது. அந்தத் தொடர் தப்பு செய்யவில்லை. தப்பு செய்தது பார்த்துக்கொண்டிருந்த நாங்கள்.

கதையில் ஒரு ஆள் விசித்திரமாக நடந்துகொண்டால், அடுத்த வாரம் என்ன ஆகும் என்று காத்திருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் அப்படி நடந்துகொண்டால் காத்திருக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

தங்கைகளே, உங்கள் அறையில் ஒருத்தி தூங்காமல் இருக்கலாம், சாப்பாட்டைத் தொடாமல் இருக்கலாம், திடீரென்று பேச்சை நிறுத்தியிருக்கலாம். அதைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பாதீர்கள். எங்களிடம் நோட்டு இருந்தது, உங்களிடம் கைபேசி இருக்கிறது, வேறு வித்தியாசம் இல்லை. பக்கத்தில் போய் உட்காருங்கள். "என்னடி ஆச்சு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் உட்கார்ந்திருங்கள். வார்டனிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள், வீட்டுக்குச் சொல்லுங்கள். 2022 அக்டோபர் முதல் மத்திய அரசு 'டெலி மானஸ்' என்று ஒரு மனநல உதவித் தொலைபேசி நடத்துகிறது. எண் 14416. இலவசம்தான், தமிழிலும் பேசலாம். யாராவது ஒருத்தி இன்றைக்கு இந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் நான் பஸ் ஏறி வந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்துப் போடலாம் என்று எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன், மனசு வரவில்லை. இந்த உரைக்கு அனுமதி கேட்கப் போனபோது அதை அவள் கையில் கொடுத்துவிட்டேன். பின்பக்கத்து ஐந்து பக்கங்களையும் நின்று படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நோட்டைத் திருப்பி முன்பக்கத்து அட்டவணையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி?" என்றேன்.

"நீயெல்லாம் கணக்கு வாத்தியாரு! ராஜேந்திரன் பேரை மூணாவது வாரமே அடிச்சிட்டியேடி!"

ஆமாம். சாத்தியமே இல்லை என்று நான் முதலில் அடித்த பெயர் அதுதான். முட்டைப் பந்தயத்திலும் தோற்றிருப்பேன்.

அந்த ஆயாவின் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிக்க ஆசை. மூன்று வருஷம் அவர் கையால் கழுவிய தட்டில் சாப்பிட்டும், அவர் பெயரை நாங்கள் ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் அவர் 'ஆயா'தான். இப்போது விடுதியில் வேலை செய்யும் அம்மாக்களின் பெயரையாவது இன்று சாப்பிடப் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம் வந்துவிட்டது. சாம்பாரில் இப்போது பருப்பு இருக்கிறதாம், செயலாளர் உறுதி சொல்லியிருக்கிறாள்.